ஜாவாவிலிருந்து கோ மொழிக்கு: சில ஆண்டுகள் பராமரித்த பிறகு

நீண்ட காலம் ஜாவாவில் சர்வர் மென்பொருள் எழுதிப் பழகிய குழு ஒன்று, புதிய சேவைகளை எல்லாம் கோ (Go) மொழியில் எழுதுவது என்ற முடிவுக்கு வந்தது. அக்குழுவில் நானும் இருக்கிறேன். மொழி மாறிய சூட்டோடு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் இலக்கணத்தைப் பற்றியே பேசுகின்றன. எழுதிய நிரலையே சில ஆண்டுகள் பராமரித்தபின் எழுதுவதால் அந்தப் பகுதியை விரைவாகக் கடந்துவிடலாம். கோ மொழியில் ஒதுக்கப்பட்ட சொற்கள் 25 மட்டுமே, அனுபவமுள்ள நிரலருக்கு அவை சில வாரங்களில் கைவந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அனுபவசாலிகள் பழைய மொழியின் வடிவமைப்புப் பழக்கங்களை அப்படியே கொண்டுவருகிறார்கள். ஜாவாவில் ஒரு கிளாஸ், தான் எந்த இன்டர்ஃபேஸை (இருக்க வேண்டிய மெத்தட்களின் பட்டியலை) நிறைவேற்றுகிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கோ மொழியிலோ தேவையான மெத்தட்கள் இருந்தாலே போதும், அறிவிப்பு எதுவும் வேண்டியதில்லை. ஆகவே இன்டர்ஃபேஸை அதைப் பயன்படுத்தும் இடத்தில், ஓரிரு மெத்தட்களோடு சிறியதாக வரையறுப்பதே இங்குள்ள வழக்கம். தரவைப் படிப்பதற்கென நிலையான நூலகத்தில் இருக்கும் ரீடர் என்ற இன்டர்ஃபேஸில் ஒரே ஒரு மெத்தட்தான் உண்டு. ஜாவாவில் ஊறியவர்களின் நிரலில், ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்கும் (கோ மொழியில் கிளாஸின் இடத்தில் இருக்கும் தரவுத் தொகுப்பு) பக்கத்திலேயே அதே பத்து மெத்தட்களை வரிசைப்படுத்தும் இன்டர்ஃபேஸ் ஒன்றும், அதை உருவாக்கித் தர ஒரு ஃபேக்டரியும் நிற்பதைக் காணலாம். நிரல் ஓடத்தான் செய்கிறது, ஆனால் அதைப் படிக்க இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஒரு ஸ்ட்ரக்டுக்குள் இன்னொன்றைப் பொதிந்து வைப்பதை மரபுரிமை என்று எடுத்துக்கொள்வது இதைவிட ஆபத்தானது. உள்ளே இருக்கும் ஸ்ட்ரக்டின் மெத்தட் தன்னைச் சேர்ந்த மெத்தட்களையே அழைக்கும். வெளி ஸ்ட்ரக்டில் அதே பெயரில் எழுதப்பட்டது அதன் கண்ணில் படாது. தாய்க் கிளாஸில் பொதுவான ஓட்டத்தை எழுதி, இடையிலுள்ள படிகளைச் சேய்க் கிளாஸில் மாற்றும் ஜாவா உத்தி இங்கே எந்த எச்சரிக்கையும் இல்லாமல் தோற்றுப்போகிறது. பணிக்குப் புதிதாக வந்தவர்களிடம் இந்தத் தடுமாற்றம் குறைவாகவே இருந்தது, மூத்தவர்களுக்கு அது சற்றே உறுத்தலாகவும் இருந்தது.

பிழை கையாளும் முறைதான் அதிக முணுமுணுப்பைக் கிளப்பியது. பிழை நேர்ந்ததும் ஓட்டத்தை இடைமறிக்கும் ஜாவாவின் எக்செப்ஷன் இங்கே கிடையாது, பிழை என்பது ஃபங்ஷன் திருப்பித் தரும் ஒரு மதிப்பு, அதை ஒவ்வொரு அழைப்புக்கும் அடுத்த வரியிலேயே சோதிக்க வேண்டும். இந்த நீளம் இன்றும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கோட் ரிவ்யூ செய்யும்போது, எந்த வரி தோற்றால் என்ன நடக்கும் என்பது கண்ணெதிரே தெரிவது பெரிய வசதி. 2019இல் வந்த 1.13 பதிப்பு, ஒரு பிழையை இன்னொன்றுக்குள் சுற்றி அனுப்ப வழிசெய்தபின் லாக்கைப் படிப்பதும் எளிதானது. மறுபுறம், திரும்பி வந்த பிழையைச் சோதிக்காமல் விட்டால் கம்பைலர் தடுப்பதில்லை. பயன்படுத்தாத இம்போர்ட்டுக்காகத் தொகுக்கவே மறுக்கும் கம்பைலர் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவது விசித்திரம்தான். இதற்கெனத் தனியாக லின்ட்டர் (நிரலைப் படித்துத் தவறுகளைச் சுட்டும் கருவி) வைத்தே ஆக வேண்டும். இன்னொரு கண்ணியும் உண்டு: வகை குறிப்பிடப்பட்ட நில் (nil, எதையும் சுட்டாத) பாயின்ட்டர் ஒன்றைப் பிழை இன்டர்ஃபேஸாகத் திருப்பி அனுப்பினால், அழைத்தவர் அதை நில்லோடு ஒப்பிடும்போது இரண்டும் சமமில்லை என்றே விடை வரும்.

ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் ஒருங்கியல் வசதிக்காகவே பலரும் கோ மொழிக்கு வருகிறார்கள். கோரூட்டீன் என்பது த்ரெட்டைப் போலத் தனியே ஓடும் இலகுவான ஓட்டம்; அது ஏறத்தாழ 2 கிலோபைட் ஸ்டாக்கோடு தொடங்குவதால், ஆயிரக்கணக்கில் கிளப்புவதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் கிளப்புவது எளிது என்பதாலேயே முடிப்பதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. யாரும் மதிப்பு அனுப்பாத சேனலில் (கோரூட்டீன்கள் தமக்குள் மதிப்புகளைப் பரிமாறும் வழி) காத்து நிற்கும் கோரூட்டீனை நினைவகச் சுத்திகரிப்பு அகற்றாது. அதனால் சேவையின் நினைவகம் நாளுக்கு நாள் மெல்ல ஏறும், சோதனைச் சூழலில் இது தெரியவே தெரியாது. எந்தக் கோரூட்டீனும் எப்போது, யாரால் நிறுத்தப்படும் என்று கேட்பது எங்கள் ரிவ்யூவில் இப்போது கட்டாயம். நிறுத்தும் சமிக்ஞையை, அழைப்புக்கு அழைப்பு கைமாற்றப்படும் கான்டெக்ஸ்ட் என்ற மதிப்பின் வழியாகக் கடத்துகிறோம். 2023இல் வெளியான ஜாவா 21, கோரூட்டீனைப் போன்றே இலகுவான விர்ச்சுவல் த்ரெட்களைத் தந்துவிட்டதால், இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் மொழி மாற நான் இன்று பரிந்துரைக்க மாட்டேன்.

முழு மனதோடு பாராட்டக்கூடியவை மொழியைச் சுற்றி இருப்பவை. மொழியுடனேயே வரும், நிரல் வரிகளைச் சீராக அடுக்கும் கருவி, அடைப்புக்குறியை எங்கே வைப்பது என்ற சண்டையை அடியோடு முடித்துவைத்தது. தொகுத்துக் கிடைக்கும் ஒரே பைனரிக் கோப்பை நகலெடுத்தால் சேவை ஓடுகிறது. 2012இல் முதல் பதிப்போடு தரப்பட்ட இணக்க உறுதிமொழி பெரும்பாலும் காப்பாற்றப்பட்டதால், பதிப்பு உயர்த்துவது எங்களுக்குச் சலிப்பூட்டும் வேலையாகவே இருக்கிறது, அது நல்லதுதான். 2024இல் 1.22 பதிப்பு லூப் மாறியின் பொருளை (ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறி என்று) மாற்றியபோதுகூட, 1.22 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைத் தன் கோப்பில் அறிவித்த மாடியூலுக்கு மட்டுமே அது பொருந்தியது.

மாறத் திட்டமிடும் குழு, பயிற்சி வகுப்புகளுக்கு முன்பாக ரிவ்யூ செய்ய ஆள் தேட வேண்டும். கோ மொழியில் நெடுநாள் பணியாற்றிய ஒருவராவது தொடக்க மாதங்களில் உடனிருந்தால், மேலே சொன்ன பழக்கங்கள் நிரலில் வேரூன்றுவதற்கு முன்பே களையப்படும். ஜாவாவில் ஓடும் பழைய சேவைகளை மாற்றி எழுதும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மாற்றினால் அவற்றுக்குக் கிடைக்கக்கூடியவை விரைவான தொடக்கமும் குறைந்த நினைவகமும்தான். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓடும் சேவைக்கு முதலாவது பயன்படாது, இரண்டாவதில் மிச்சமாவது மாற்றி எழுதும் உழைப்புக்கு ஈடாகாது.