பிக்ஸாரின் இலவசக் கதைப் பாடம்: கொறங்காட்டுக் கன்றை வைத்து ஒரு சோதனை

கான் அகாடமி என்ற இணையக் கல்வித் தளத்தில், அனிமேஷன் பட நிறுவனமான பிக்ஸாரோடு சேர்ந்து செய்த 'பிக்ஸார் இன் எ பாக்ஸ்' என்றொரு வரிசை இருக்கிறது. அதில் 2017-இல் சேர்ந்தது 'தி ஆர்ட் ஆஃப் ஸ்டோரிடெல்லிங்' என்ற கதைப் பாடம். பைசா செலவில்லை, கணக்குத் தொடங்காமலே வீடியோக்களைப் பார்க்கலாம். கோவையிலும் ஈரோட்டிலும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படித்துக்கொண்டு கடைசி வருஷக் குறும்படத்தை அனிமேஷனில் செய்ய நினைப்பவர்கள், மென்பொருளைத் திறப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். சான்றிதழ் தர மாட்டார்கள். அது வேண்டுமென்றால் வேறு இடம்தான் பார்க்க வேண்டும்.

கதையை முதலிலேயே காகிதத்தில் முடித்துவிடச் சொல்வதற்குக் காரணம் வெறும் கணக்கு. 3 நிமிடப் படம் என்றால் 180 விநாடி. விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படம் வீதம் 4,320 பிரேம். ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தினாலும் 2,160 படம் வரைய வேண்டும். கேமராவில் எடுக்கும் படத்துக்குக் கூடுதலாக எடுத்து வைத்துக்கொண்டு எடிட்டிங்கில் கதையைச் சரிக்கட்டலாம். அனிமேஷனில் வெட்டி எறியும் ஒவ்வொரு விநாடியும் 12 படம் வரைந்த உழைப்பு.

கதாபாத்திரத்தை முதலில் வைத்து, கதை அமைப்பை அதற்குப் பிறகு வைத்திருப்பது இந்தப் பாடத்தின் பலம். பாத்திரம் ஆசைப்படுவது ஒன்று, அதற்கு உண்மையில் தேவைப்படுவது இன்னொன்று என்று பிரித்துக் காட்டுகிறார்கள். 'ஃபைண்டிங் நீமோ' (2003) பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்: அப்பா மீனின் ஆசை பிள்ளையைக் கண்டுபிடிப்பது, தேவை பிள்ளையைப் பிடித்து வைத்துக்கொள்ளாமல் இருப்பது. இந்த இரண்டும் தெளியாமல் தொடக்கம், நடு, முடிவு என்று மூன்று அங்கம் பிரிக்க உட்கார்ந்தால் சம்பவங்கள்தான் சேரும், கதை சேராது.

அமைப்புப் பாடத்தின் நடுவில் வருவது கென் ஆடம்ஸ் உருவாக்கிய 'ஸ்டோரி ஸ்பைன்', அதாவது கதையின் முதுகெலும்பு. நம் வாயில் சொன்னால் இப்படி வரும்: ஒரு ஊரில்... தினமும்... ஒருநாள்... அதனால்... அதனால்... அதனால்... கடைசியில்... அன்றிலிருந்து. பார்க்கச் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கும். இதன் உயிர் அந்த 'அதனால்' என்ற சொல்லில் இருக்கிறது. எழுத ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவதும் அங்கேதான்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு, அதாவது வேலி அடைத்த மேய்ச்சல் காடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிளுவை முள்வேலி, உள்ளே வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல். ஒரு செவலைக் கன்று. படல் திறந்து கிடந்ததால் அது வெளியே போகிறது. அப்புறம் நாய் துரத்துகிறது. அப்புறம் மழை பெய்கிறது. அப்புறம் லாரி வருகிறது. கடைசியில் ஒரு சிறுமி கண்டுபிடித்துக் கூட்டி வருகிறாள். நாயையும் மழையையும் லாரியையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எதுவும் கெடாது. கெடவில்லை என்றால் அது கதை ஆகவில்லை.

அதே கொறங்காட்டில் 'அதனால்' போட்டுப் பார்க்கலாம். அம்மணி ஒருத்தி, சின்னப் பெண், செவலைக் கன்றைத் தனியே கட்டிச் சீராட்டுகிறாள். ஒருநாள் அவள் அப்புச்சி (அம்மாவின் அப்பா), கன்றை மற்ற மாடுகளோடு விடப்போவதாகச் சொல்கிறார். அதனால் அவள் கன்றைப் பக்கத்துக் காட்டில் ஒளித்து வைக்கிறாள். நாட்டு மாடு கன்று முட்டாமல் பால் சுரக்காது. அதனால் அன்றைய பால் போச்சு, மடி கட்டிய மாடு கத்துகிறது. அதனால் அப்புச்சி இருட்டில் கன்றைத் தேடிக் கிளம்புகிறார். அதனால் பயந்துபோன அம்மணி கன்றைத் திருப்பி ஓட்டி வருகிறாள். தாயின் குரல் கேட்ட கன்று கயிற்றை இழுக்கிறது. கடைசியில் அவள் கயிற்றை விட்டுவிடுகிறாள். இதில் ஒரு கண்ணியை உருவினாலும் அடுத்தது நிற்காது. அவள் ஆசை கன்றை வைத்துக்கொள்வது, தேவை விடுவது. இரண்டும் ஒரு கைவிரலின் அசைவில் முடிகின்றன, வசனமே வேண்டியதில்லை.

'அன்றிலிருந்து' பகுதிக்கு இந்த ஊர் மாடே ஒரு வசதி தருகிறது. காங்கேயம் கன்று செவலையாகப் பிறந்து ஏறக்குறைய ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும். சாம்பல் மாடுகள் நடுவே ஒன்று மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும். 'சில மாதங்களுக்குப் பிறகு' என்று எழுத்துப் போட வேண்டாம். நிறத்தாலும் வடிவத்தாலும் கதை சொல்லும் இந்த வழிக்கு அடுத்து வரும் காட்சிமொழிப் பாடம் நன்றாக உதவுகிறது. கேமரா இலக்கணப் பாடம் அடிப்படைதான். ஷார்ட் ஃபிலிம் எடுத்துப் பழகியவர்கள் வேகமாகக் கடந்துவிடலாம்.

குறைகளும் உண்டு. பேசுகிறவர்கள் முழுநீளப் படம் எடுப்பவர்கள், ஆகவே குறும்படத்துக்கான கால அளவை நாமே வகுத்துக்கொள்ள வேண்டும். 180 விநாடியில் முதல் அங்கத்துக்கு 40, நடுவுக்கு 100, முடிவுக்கு 40 என்பது தாங்கும் பிரிப்பு. வேலியையும் மரத்தையும் அழகாக வரைந்த ஆசையில் முதல் அங்கம் ஒரு நிமிடத்தைத் தாண்டினால், அம்மணி பயப்படுவதற்கே நேரம் இருக்காது. விளக்கங்கள் ஆங்கிலத்தில் ஓடுவதால் பயிற்சித்தாளை மட்டுமாவது தமிழில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று பெரிய குறை. தலைமுறை தாண்டி ஓடும் கதைக்கு இந்தப் பாடத்தில் வழி இல்லை. உடுக்கடிப் பாட்டாக இரவு இரவாகப் பாடும் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையில், நாயகர்களான பொன்னர் சங்கர் பிறப்பதற்கு முன்பே அவர்களைப் பெற்ற குன்னுடையாக் கவுண்டர், தாமரையின் பாடு நெடுக ஓடும். அதை ஒரே முதுகெலும்பில் அடைத்தால் சுருக்கம்தான் மிஞ்சும். அண்ணன்மாரைத் தேடி அவர்கள் தங்கை தங்காள், அவர்கள் மாண்டு கிடக்கும் படுகளத்துக்குப் போகும் பகுதியை மட்டும் தனியே எடுத்தால், ஒருத்தி, ஒரு தேடல், ஒரு முடிவு என்று இந்த முறைக்குள் கச்சிதமாக உட்காரும்.

பாடத்தைப் பார்த்துக்கொண்டே செய்ய வேண்டிய வேலை: ஒவ்வொரு கண்ணியையும் தனித் துண்டுச்சீட்டில் படமாகக் கிறுக்கிச் சுவரில் ஒட்டுங்கள். 3 நிமிடத்துக்கு எட்டுச் சீட்டுக்கு மேல் போனால் நெரிசல். பிறகு கதை தெரியாத ஒருவரை நிறுத்தி, சீட்டுகளை விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லிக் காட்டுங்கள். உங்கள் வாயில் தானாக 'அப்புறம்' வருகிற இடத்தில் அந்தச் சீட்டைக் கிழித்துவிட்டு வேறு வரையுங்கள்.