வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்: சவுத்எண்ட் போய்வந்த கதை

ரொறன்ரோவில் யாராவது "இந்த வருசம் ஊருக்குப் போனீங்களா?" என்று கேட்டால் யாழ்ப்பாணத்தைத்தான் கேட்கிறார்கள். யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு நாலு வயது. அங்கே எனக்கு ஞாபகத்தில் இருப்பது ஒரு கிணறும், அதன் பக்கத்தில் கட்டியிருந்த ஒரு ஆடும்தான். நான் வளர்ந்தது, சைக்கிள் பழகியது, பள்ளிக்கூடம் போனது எல்லாம் இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையில், சவுத்எண்ட்-ஒன்-சீ என்ற கடற்கரை ஊரில். அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறார். இந்தக் கோடை விடுமுறைக்குக் கணவரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் அவரோடு தங்கினோம். "அங்க இப்ப எப்படி, போகலாமா?" என்று இங்கே சிலர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் பயணம். நான் பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் போனேன். கணவரிடம் கனேடியக் கடவுச்சீட்டு மட்டும்தான். 2025 ஜனவரியிலிருந்து கனேடியர்களும் முன்கூட்டியே மின்னணுப் பயண அனுமதி எடுக்கவேண்டும். நாங்கள் கட்டியது 16 பவுண்ஸ். தொலைபேசிச் செயலியிலேயே முகத்தைப் படம் பிடித்து அனுப்பினால் போதும், கெதியாக வந்துவிட்டது.

ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் பாதை ரயில் நேராக லிவர்பூல் ஸ்ட்ரீட் வரை வருகிறது. முன்பு பிக்கடில்லி பாதையில் பெட்டிகளோடு இடிபட்டு, இடையில் மாறி ஏறி வந்ததை நினைத்தால் இது பெரிய ஆறுதல். அங்கிருந்து சவுத்எண்ட் விக்டோரியாவுக்கு ரயில் உண்டு. ஆனால் நான் சொல்வது, பெட்டியை இழுத்துக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்து ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் நிலையத்துக்குப் போய் சி2சி ரயில் எடுங்கள். தண்ணீரைப் பார்க்க வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். பென்ஃபிளீட் தாண்டியதும் இடது பக்கம் குன்றின்மேல் ஹாட்லி கோட்டையின் இடிபாடுகள் தெரியும். லீ நிலையத்துக்கும் சோக்வெல் நிலையத்துக்கும் நடுவில் தண்டவாளம் தண்ணீருக்குப் பக்கத்திலேயே ஓடும். நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் இந்தப் பாதைக்குப் பத்திரிகைகள் 'துன்பப் பாதை' என்று பெயர் வைத்திருந்தன. கதவைக் கையால் இழுத்து அடித்துச் சாத்தவேண்டிய பெட்டிகள். லைம்ஹவுஸ் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்த அப்பா, விடிய வரும் ரயிலில் வீடு திரும்புவார். இப்போது குளிரூட்டிய பெட்டிகள், தானாகத் திறக்கும் கதவுகள். 2025 ஜூலையில் அரசாங்கமே இந்தப் பாதையைத் தன் கையில் எடுத்திருக்கிறது. நாங்கள் ஏறிய ரயில்கள் எல்லாம் நேரத்துக்கு வந்தன. அப்பா இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

சரி, கடல். முதல் நாள் காலையிலேயே பிள்ளைகள் நீச்சல் உடுப்போடு கரைக்கு ஓடினார்கள். பின்னால் வந்த கணவர் நின்று பார்த்துவிட்டு, "கடல் எங்கே?" என்றார். கடல் இல்லைத்தான். தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் கழிமுகம் அது. வற்றும்போது தண்ணீர் ஒரு மைல் அளவுக்குப் பின்வாங்கிவிடும். மிஞ்சுவது சாம்பல் நிறச் சேறும், அதில் சரிந்து கிடக்கும் படகுகளும், இரை பொறுக்கும் பறவைகளும்தான். வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் ஆறு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். அதனால் நேரம் நாளுக்கு நாள் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் அம்மா ஒட்டி வைத்திருந்தவை இரண்டு: முருகன் நாட்காட்டி, அலை அட்டவணை. விரதத்துக்கு ஒன்று, எங்களைக் கடலுக்கு விடுவதா இல்லையா என்பதற்கு மற்றது. இப்போது எல்லாம் தொலைபேசியில் வருகிறது, அட்டவணை இல்லை. நாட்காட்டி இன்னும் இருக்கிறது.

வற்றியிருக்கும்போது சேற்றில் நெடுந்தூரம் நடந்து போகாதீர்கள். தண்ணீர் திரும்பும்போது முன்னால் மட்டுமல்ல, பள்ளங்கள் வழியாகப் பின்னாலும் சுற்றிக்கொண்டு வரும். இதற்காகவே ஆர்.என்.எல்.ஐ உயிர்காப்புப் படையினர் அங்கே ஒரு ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறார்கள். சேற்றிலும் தண்ணீரிலும் ஓடும் வாகனம். 1824இல் தொடங்கிய தொண்டு நிறுவனம் அது. நன்கொடையில் நடக்கிறது. படகில் போகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். என்னோடு படித்த ஒருவன், வகுப்பில் வாயே திறக்காதவன், பின்னாளில் அதில் சேர்ந்தான் என்று அம்மா சொன்னார். அவசரம் என்றால் 999 அடித்துக் கரையோரக் காவலைக் கேட்கவேண்டும்.

இந்தச் சேறுதான் ஊரின் பேர்போன இறங்குதுறைக்கும் காரணம். லண்டனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த கப்பல்கள் கரைக்குக் கிட்ட வரமுடியாமல் இருந்தன. கடல் வராவிட்டால் நாங்கள் போகிறோம் என்று 1830இல் மரத்தில் ஒரு துறை கட்டி, பிறகு அதை நீட்டிக்கொண்டே போனார்கள். 1889இல் இரும்பில் புதிதாகக் கட்டினார்கள். இப்போது நீளம் 2.16 கிலோமீட்டர். பொழுதுபோக்குக்கான இறங்குதுறைகளில் உலகிலேயே நீளமானது இதுதான். இவ்வளவு அடி வாங்கிய ஒரு கட்டடத்தை நான் கண்டதில்லை. 1976இல் தீ, 1995இல் தீ, 2005இல் தீ. போதாததற்கு 1986இல் ஒரு கப்பல் வந்து குறுக்கே மோதி வெட்டிக்கொண்டு போனது. ஒவ்வொரு முறையும், "இனி அவ்வளவுதான்" என்று ஊர் பேசும். பிறகு திருத்திவிடுவார்கள்.

அதன்மேல் ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டம்: போகும்போது நடை, வரும்போது ரயில். ரிக்கெட் காசில் மிச்சம், பிள்ளைகளுக்குப் பசியும் எடுக்கும். அரை மணித்தியாலம் எதிர்காற்றில் நடந்து முனைக்குப் போய்ச் சேர்ந்தால் அங்கே பெரிதாக ஒன்றும் இருக்காது. தேநீர்க்கடை, உயிர்காப்புப் படகு நிலையம், தூண்டில் போடும் கிழவர்கள், எதிரே கென்ட் கரை. ஆனாலும் அடுத்த கிழமை மறுபடி கேட்போம். 1986இலிருந்து ஓடிய பழைய ரயில்களுக்குப் பதிலாக இப்போது புதிய மின்சார ரயில்கள். ஒன்றுக்கு டேவிட் அமெஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். சவுத்எண்டுக்கு மாநகர அந்தஸ்து வேண்டும் என்று பாராளுமன்றத்தில் பல ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்த உறுப்பினர் அவர். 2021 ஒக்ரோபரில், தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்தபோது குத்திக் கொல்லப்பட்டார். அதன்பிறகுதான் அந்தஸ்து கிடைத்தது, 2022 மார்ச்சில். "சிற்றி எண்டா இனி பஸ் கூட வருமோ?" என்று அம்மா அப்போது தொலைபேசியில் கேட்டது ஞாபகம் வருகிறது.

ரயிலில் ஏற அம்மாவுக்குக் கைத்தடியோடு கஷ்டம். கேட்காமலேயே ஒரு பெடியன் வந்து கை கொடுத்து இருத்திவிட்டான். இறங்கும்போதும் ஞாபகமாக வந்தான். போனால் தவறவிடாதீர்கள், ஆனால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவையுங்கள்.

கரையோரம் முழுக்கவே வந்துபோகிறவர்களுக்கு நல்ல மாதிரி இருக்கிறது. நாங்கள் பீட்டர் பான் விளையாட்டிடம் என்று அறிந்திருந்த இடம் அட்வென்சர் ஐலண்ட் ஆகி இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கிறது. பிள்ளைகள் அங்கிருந்து வர மறுத்தார்கள். ரோஸி ஐஸ்கிரீம் அதே ருசி. பூஞ்சோலைக் குன்றில் இரவில் வெளிச்சம் போட்டு வைத்திருந்த குட்டிக் கோட்டைகளும் தேவதைகளும், 'நெவர் நெவர் லாண்ட்', இப்போது இல்லை. 2012உடன் விமானக் கண்காட்சியும் நின்றுபோனது. 1901இல் திறந்த குர்சால் என்ற பழைய கேளிக்கை மண்டபத்தின் குவிமாடம் மட்டும் அப்படியே நிற்கிறது.

ஞாயிறு மத்தியானம் கரையில் நடந்தால் பாதித் தமிழ் கேட்கும். ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். பார்க்கிங் (Barking) ரயில் நிலையத்தில் மாறி ஏறினால் நேரே வந்துவிடலாம். நான் சின்னவளாக இருந்தபோதும் அப்படித்தான், ஆட்கள் மட்டும் குறைவு. பாயை விரித்து, மட்டன் ரோல்ஸ், புளிச்சாதம், பிளாஸ்கில் தேநீர். அடையாளம் தெரியாத ஒரு மாமி கூப்பிட்டு ரோல்ஸ் தந்துவிட்டு, "எவடம் நீங்கள்?" என்று கேட்பார். "இங்கதான்" என்றால் அவருக்குப் பிடிக்காது. கொக்குவில் என்றதும் முகம் மலரும்.

இனி அம்மாவின் பக்கம். கரையிலிருந்து மேலே ஏறி ஹை ஸ்ட்ரீட்டுக்கு வந்தால் வேறு ஊர். நாடு முழுக்க இருந்த பெரிய கடைகளில் வூல்வர்த்ஸ் 2009 தொடக்கத்தில் போனது, பிஎச்எஸ் 2016இல் போனது. இங்கேயும் அதே கதைதான். மரப்பலகை அடித்த முன்பக்கங்கள், இடையிடையே வேப் கடைகள், முடிவெட்டும் கடைகள். அம்மா முப்பது வருசம் கணக்கு வைத்திருந்த வங்கிக்கிளை மூடிவிட்டது. இப்போது தபாலகத்தில் போய்த்தான் காசு போடுகிறார், எடுக்கிறார். அதில் குறை இல்லை, வரிசைதான் நீளம்.

டொக்டர் விசயம்தான் எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் இருந்தபோது அம்மாவுக்கு இடுப்பைச் சுற்றி எரிவோடு கொப்புளம் போட்டது. காலை எட்டு மணிக்குச் சரியாகத் தொலைபேசி எடுக்கவேண்டும், அதற்குள் எல்லோரும் எடுப்பார்கள். வரிசையில் நின்று நின்று ஆள் கிடைத்தபோது, அன்றைக்கு இடம் முடிந்துவிட்டது என்றார்கள். நான் சண்டைக்குத் தயாரானேன். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "வா பிள்ளை, பார்மசிக்குப் போவம்" என்றார். 2024 ஜனவரி கடைசியிலிருந்து இங்கிலாந்தில் மருந்தாளரே ஏழு நோய்களுக்கு, டொக்டர் இல்லாமல், பார்த்து மருந்து கொடுக்கலாமாம். தொண்டை நோவு, சைனஸ், பூச்சி கடித்துப் புண்ணானது, பெண்களுக்கு வரும் சிறுநீர்த் தொற்று போன்றவற்றோடு அக்கியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மருந்தாளர் உள்ளறைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்தார், எத்தனை நாளாகிறது என்று கேட்டார், அக்கிதான் என்றார், குளிசை கொடுத்தார். அறுபது தாண்டியவர்களுக்கு மருந்துக்குக் காசில்லை. வெளியே வர இருபது நிமிடம் ஆகியிருக்குமோ என்னவோ. அக்கிக்கு மருந்து முதல் மூன்று நாளுக்குள் தொடங்கினால் நல்லது. உங்கள் அம்மா அப்பா அங்கே இருந்தால் இந்தச் சேவையைக் கட்டாயம் சொல்லிவையுங்கள். பலருக்குத் தெரியவில்லை.

பஸ்ஸும் அவருக்கு இலவசம், ஆனால் கிழமை நாட்களில் காலை நெரிசல் நேரம் கழிந்த பிறகுதான். நாங்கள் காசு கட்டினோம், ஒரு தடவைக்கு ஆகக்கூடியது 3 பவுண்ஸ். ஆக, ஒரு நாளுக்கு வருகிறவனுக்கு எல்லாம் பளபளவென்று இருக்கிறது. அங்கேயே கிடக்கிறவருக்கு எது எங்கே மாறிப்போனது என்று தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கவேண்டும். அம்மாவுக்குத் தெரிகிறது. எல்லா அம்மாக்களுக்கும் தெரியுமா என்று தெரியவில்லை.

ஒன்றை மட்டும் மனதார மெச்சுவேன்: நூலகம். நான் வீட்டுப்பாடம் செய்த விக்டோரியா அவெனியூ நூலகம் இப்போது பீக்ரொஃப்ட் ஓவியக் கூடம். அதற்குப் பதிலாக 2013இல் 'ஃபோரம்' திறந்தார்கள். நகரசபை, எசெக்ஸ் பல்கலைக்கழகம், கல்லூரி மூன்றும் சேர்ந்து கட்டியது. மாணவர்களும் கிழவர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் ஒரே கூரையின் கீழ். மழை பெய்த நாளில் அங்கேயே கிடந்தோம். பழைய நூலகத்துக்குப் பக்கத்து அருங்காட்சியகமும் இலவசம். நாங்கள் பஸ்ஸில் தினமும் தாண்டிப்போன பிரிட்டில்வெல் வீதியோரத்தில் 2003இல் தோண்டியபோது, ஆறாம் நூற்றாண்டுக் கடைசியைச் சேர்ந்த ஒரு பிரபுவின் புதைகுழி கிடைத்தது. உடல் மண்ணோடு போய்விட்டது. கண்கள்மேல் வைத்ததாகக் கருதப்படும் இரண்டு சின்னப் பொன் சிலுவைகள் மிஞ்சியிருக்கின்றன. 2019இலிருந்து அங்கே வைத்திருக்கிறார்கள்.

ஒரு நாளுக்குப் போகிறவர்களுக்கு என் யோசனை: பெருக்கு மத்தியானத்தை ஒட்டி வரும் நாளாகப் பாருங்கள். கார் வேண்டாம், வெயில் நாளில் நிறுத்த இடம் தேடியே பாதி நாள் போய்விடும். திரும்பும்போது லீயில் இறங்கிப் பழைய லீக்கு நடந்து போங்கள். மீனவர் கொட்டில்களில் அவித்த மட்டி விற்பார்கள். வெள்ளைக்காரர் அதில் வினிகரும் மிளகும் போட்டு நின்றபடியே சாப்பிடுவார்கள். உங்களிடமும் வினிகர் போடவா என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பொதிசெய்து வாங்குங்கள். வீட்டில் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை போட்டு ஒரு பிரட்டுப் பிரட்டினால் போதும். ஏற்கெனவே அவிந்தது, அதிகம் விட்டால் றப்பராகிவிடும்.