கிருமியின் மரபணு வரிசை: ஜென்பேங்கா, ஜிசெய்டா?

வரிசையைப் படித்து முடித்தாயிற்று. எங்கே பதிவேற்றுவது என்று தயங்குபவர்களுக்காக இது. ஜென்பேங்க் அமெரிக்காவின் பொது மரபணுத் தரவுத்தளம்; ஜிசெய்ட் வைரஸ் மரபணு வரிசைகளைப் பகிரும் சர்வதேசத் தரவுத்தளம்.

செலவு: இரண்டுமே இலவசம்.

யார் பார்க்கலாம்?
ஜென்பேங்க்: திறந்த வீடு. கணக்கு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம். அமெரிக்காவில் போட்டது ஐரோப்பிய, ஜப்பானியத் தளங்களுக்கும் போய்விடும்.
ஜிசெய்ட்: பெயர் பதிந்து, நிபந்தனைகளை ஏற்றால்தான் கதவு திறக்கும்.

உழைத்தவருக்குப் பெயர்? விஷயமே இதில்தான். 2007-இல் இந்தோனேசியா பறவைக் காய்ச்சல் வைரஸ் மாதிரிகளைத் தர மறுத்தது. தன் மாதிரியில் உருவாகும் தடுப்பூசியைத் தானே வாங்க முடியாமல் போகும் என்பது அதன் குறை, நியாயமான குறைதான். அந்தக் கசப்புக்கு நடுவே 2008-இல் வந்தது ஜிசெய்ட். அங்கே எடுத்தாள்பவர், தரவைத் தந்த ஆய்வகத்தைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்; வேறிடத்தில் மறுபதிவு செய்யக் கூடாது. ஜென்பேங்கில் அது எடுப்பவரின் நல்ல மனசு.

எந்தக் கிருமி?
ஜென்பேங்க்: எல்லாமே.
ஜிசெய்ட்: இன்ஃப்ளூயன்சா, கொரோனா போன்ற சில வைரஸ்கள் மட்டும்.

ஆக, காசநோய், காலரா பாக்டீரியா என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜென்பேங்க். புதிய ஃப்ளூ வைரஸ், அதைப் பற்றிய உங்கள் ஆய்வுக் கட்டுரை இன்னும் வெளிவரவில்லை என்றால் ஜிசெய்ட். அப்புறம், சொந்தத் தரவை இரண்டிலும் போடத் தடையில்லை.