11 வருடம், ஒரு குதிகால், கிளீவ்லேண்ட் கலை அருங்காட்சியகம்

நண்பனிடமிருந்து செய்தி வந்திருந்தது. தியாகராஜ ஆராதனை இசை விழாவுக்காக, அமெரிக்காவில் நான் இருக்கும் கிளீவ்லேண்டுக்கு வருகிறான், கூடவே அம்மாவும் வருகிறார். "கச்சேரிக்கு நடுவுல ஒருநாள் அந்த மியூசியத்தைப் பாக்கலாமாடா? அம்மாவால நடக்க முடியுமா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போடத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கென்று பார்த்துக் குதிகால் வலி உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. ஊரில் குதிவாதம் என்பார்கள். அதனால் கீழே உள்ளதில் நடுநிலையைத் தேடாதீர்கள்.

எல்லாருக்கும் தெரிந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1916-இல் திறந்த இடம். பொது நுழைவு இலவசம். திங்கட்கிழமை விடுமுறை. புதனும் வெள்ளியும் இரவு 9 வரை, மற்ற நாட்களில் 5 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள். சிறப்புக் கண்காட்சிகளுக்குத்தான் டிக்கெட். நான் உறுப்பினர் அட்டை வைத்திருப்பதால் அதற்கும் கொடுப்பதில்லை.

திங்கட்கிழமை விடுமுறை என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஊருக்கு வந்த புதிதில் எதையும் விசாரிக்காமல் ஒரு திங்கட்கிழமை போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. வந்ததற்குத் தெற்கு வாசல் படிகளின் மேலே இருந்த, பிரெஞ்சுச் சிற்பி ரொடானின் 'சிந்தனையாளர்' சிலையையாவது பார்ப்போம் என்று ஏறினால், அவருக்குக் கால் இல்லை. முழங்காலுக்குக் கீழே போகப் போக வெண்கலம் கிழிந்து, தகர டின்னை உளியால் பிளந்த மாதிரி வெளிப்பக்கம் மடங்கியிருக்கிறது. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை பிடித்த ஓரங்கள்தான். 1970 மார்ச் 24 அதிகாலையில் யாரோ அடியில் குண்டு வைத்துவிட்டார்கள். இன்றுவரை அதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ரொடான் உயிரோடு இருந்தபோது அவர் மேற்பார்வையில் வார்த்த சிலை அது. புதிதாக ஒன்று வார்த்து வைத்திருக்கலாம், ஒட்டுப்போட்டும் சரிசெய்திருக்கலாம். அப்போதைய இயக்குநர் ஷெர்மன் லீ இரண்டும் வேண்டாம், பட்ட காயத்தோடு அப்படியே நிற்கட்டும் என்று முடிவெடுத்தார். பாதமே இல்லாமல் 50 வருடத்துக்கு மேலாக அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு ஒரு குதிகால் வலித்தால் அன்றைக்கு முழுக்க வேறு யோசனையே ஓடுவதில்லை.

அதிலிருந்து ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. இந்த இடத்தில் எதைப் பார்த்தாலும் என் கண் முதலில் காலுக்குத்தான் போகிறது. கவச மண்டபத்தில் குழந்தைகள் வாளையும் குதிரைக் கவசத்தையும் பார்த்து வாய்பிளந்து நிற்பார்கள். நான் குனிந்து அந்த இரும்புக் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மீன் செதில்போல் பட்டை பட்டையாக அடுக்கி, விரல் மடங்குகிற இடத்தில் மடங்கும்படி செய்திருக்கிறார்கள். இதைப் போட்டுக்கொண்டு நடந்தவனுக்குக் குதிவாதம் வந்திருந்தால் என்ன செய்திருப்பான்? ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளத்தில் கால் கிடையாது. நாலு மீட்டருக்கு மேல் அகலமான வெறும் தண்ணீர். அதனால்தானோ என்னவோ அதன் முன்னால் மனசு சீக்கிரம் அடங்கிவிடுகிறது.

கட்டடத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிற நடராஜருக்காகத்தான் நான் இத்தனை வருடமாகப் போய்வருகிறேன். 11-ஆம் நூற்றாண்டு, சோழர் வெண்கலம், ஒரு மீட்டருக்குச் சற்று மேல் உயரம். 1930-இலிருந்து இங்கே இருக்கிறார். சிதம்பரத்தில் கூட்டத்தில் எக்கி எக்கிப் பார்த்து, அலங்காரத்துக்கு நடுவில் குஞ்சிதபாதம், அதாவது தூக்கிய திருவடி, தெரிந்ததா இல்லையா என்று சந்தேகத்தோடு திரும்பியவன் நான். இங்கே எண்ணெயில்லை, பூவில்லை, பட்டில்லை. முயலகன் முதுகில் ஊன்றிய காலையும் தூக்கிய காலையும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். பின்னாலே போய் விரிசடை எப்படிப் பிரிகிறது என்றும் பார்க்கலாம். வேலை விட்டு வரும் வழியில் இருபது நிமிடம் அவர் ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன புதன்கிழமைகள் நிறைய. இலவசம் என்பதன் அருமை அதில்தான் தெரிகிறது. டிக்கெட் வாங்கியிருந்தால் கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்று கால் ஒடியச் சுற்றியிருப்பேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒன்று உறுத்தும். இவர் உற்சவர். சீர்பாதம் தாங்கிகள் தோளில் ஏறி வீதியில் வர வேண்டியவர். இங்கே ஒரே இடத்தில் நிற்கிறார், நாம்தான் நடக்கிறோம்.

(எந்தச் சாமி எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பது தனிக் கதை. கம்போடியாவின் கோ கேரிலிருந்து வந்த ஓர் அனுமன் சிலையை 2015-இல் இவர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். அதே நாட்டின் புனோம் தாவைச் சேர்ந்த, மலையைத் தூக்கிய கிருஷ்ணனை வைத்து 2021 கடைசியில் ஒரு கண்காட்சி நடத்தினார்கள். சிலையின் துண்டுகளில் சில பிரஸ்ஸல்ஸில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் புதைந்து கிடந்தவை. எது இந்தக் கிருஷ்ணனுடையது, எது புனோம் பென்னில் இருக்கிற இன்னொரு கிருஷ்ணனுடையது என்று பிரித்தெடுக்கவே பல பத்தாண்டுகள் ஆகியிருக்கின்றன. காட்சிகளை நிஜம்போல் காட்டும் ஒரு மின்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டால் அந்த மலையே நம் முன்னால் எழும்பும். நான் பிரமித்து ஒரு எட்டுப் பின்வைத்து யாரோ ஒருவர் காலை மிதித்துவிட்டேன்.)

இசை விஷயத்துக்கு வருகிறேன். மாதத்தின் முதல் புதன்கிழமை மாலை 6 மணிக்கு, பக்கத்து இசைக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் ஓவியங்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். அதுவும் இலவசம்தான். ஒலிபெருக்கி கிடையாது. வில்லில் பூசிய குங்கிலியத் தூள் வெளிச்சத்தில் பறப்பது தெரியும் தூரத்தில் நின்றிருக்கிறேன். அப்படி ஒரு நாள், செல்லோ மெல்ல இறங்கி எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்த நேரத்தில், என் பையிலிருந்து நாதஸ்வரம் கிளம்பியது. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி. என் போன்தான். அணைப்பதற்குள் நான்கு ஆவர்த்தனம் போயிருக்கும். வாசித்த பெண் தலையைத் தூக்கவில்லை, ஆனால் சிரித்ததைப் பார்த்தேன். மூன்று மாதம் அந்தப் பக்கம் தலைவைக்கவில்லை.

அப்புறம் கார்ட்னர் அரங்கத்து ஆர்கன். கட்டடக் கலைஞர் மார்செல் பிராயர் 1971-இல் கட்டிய பகுதியில் இருக்கிறது. கைக்கு மட்டுமல்ல, காலுக்கும் அதில் கட்டைகள் உண்டு. வாசிப்பவர் பெஞ்சில் இடமும் வலமும் சறுக்கிச் சறுக்கிக் குதிகாலாலும் நுனிக்காலாலும் அழுத்துவார். அடி மந்தரத்தில் ஒரு ஸ்வரம் வந்தால் அது காதுக்கு வருவதற்கு முன்னால் தரை வழியாக உள்ளங்காலுக்கு வந்துவிடும். வலிக்கிற இடத்திலேயே ஒத்தடம் வைத்த மாதிரி இருந்தது. என் வைத்தியர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்.

சரி, நண்பனின் கேள்வி. அம்மாவால் நடக்க முடியுமா? சக்கர நாற்காலி காசில்லாமல் கிடைக்கும். கச்சேரி நடக்கிற பல்கலைக்கழகத்திலிருந்து யூக்ளிட் அவென்யூ வழியாகப் பஸ் இருக்கிறது. நடுவில் இருக்கிற கண்ணாடிக் கூரை முற்றத்தில் நாள் முழுக்க உட்காரலாம், வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வெளிச்சம் இருக்கும். உலகத்தில் இவ்வளவு நல்ல இடத்தைக் காசு வாங்காமல் திறந்துவிடுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 11 வருடத்தில் இன்னும் பாதிகூடப் பார்த்து முடிக்கவில்லை, அலுக்கவும் இல்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, "இந்தத் தடவை வேண்டாம்டா" என்று பதில் அனுப்பினேன். கல் தரை, மார்ச் குளிர், 70 வயது முழங்கால், ஒரே நாளில் எல்லாம் பார்த்தாக வேண்டும் என்ற அவன் புத்தி. அவனை எனக்கு நன்றாகத் தெரியும், அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடுவான்.

பத்து நிமிடத்தில் போன் வந்தது. பேசியது அம்மா. நடராஜர் இருக்கிறாராமே என்றார். இருக்கிறார் என்றேன்.

"செருப்பை எங்கப்பா விடணும்?"

"செருப்போடதாம்மா உள்ள போகணும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. போன் துண்டித்துவிட்டதோ என்று நினைத்தேன். "சரி, சாமிகிட்ட போறப்ப மட்டும் கழட்டிக்கறேன். நீ கையில வெச்சுக்கோ" என்றார்.

அங்கிருக்கும் காவலர் என்ன சொல்வாரோ தெரியாது. புதன்கிழமை சாயங்காலம் என்று முடிவாகியிருக்கிறது.