மூன்றாவது பூட்டு நுழையாத ஐசொலேட்டர்: ஆறு ஆண்டு அனுபவம்

சென்ற வாரம் 22 கிலோவாட் கன்வேயர் மோட்டாருக்குப் பேரிங் மாற்றி முடித்த கையோடு, மோட்டாருக்குப் பக்கத்தில் நாங்கள் பொருத்தியிருக்கும் ஐசொலேட்டரையே (பழுதுபார்க்கும்போது மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி வைக்கும் சுவிட்ச்) தாமும் வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை.

63 ஆம்பியர், தூசி புகாத, நீர்த்தாரை தாங்கும் ஐபி65 பெட்டி, ஐஇசி 60947-3 தரத்தின்படி மோட்டார் சுமைக்கு உரிய ஏசி-23ஏ வகை. ஆறு ஆண்டுகளாகத் தூசியிலும் ஈரத்திலும் இருந்தும் உள்ளே துரு ஏறவில்லை. டெர்மினல்கள் சூடேறிக் கருகியதும் இல்லை. நான் எதிர்பாராமல் கிடைத்த நன்மை அதன் ஆக்சிலரி காண்டாக்ட், அதாவது கட்டுப்பாட்டுச் சுற்றுக்கான சிறிய துணை முனைதான். எங்கள் ஐசொலேட்டர், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது அங்கே மின்சாரத்தை அறுத்தால் டிரைவ் டிரிப் ஆகும், பழுதாகவும் கூடும். கைப்பிடியைத் திருப்பியதும் முதன்மைக் காண்டாக்ட்டுகள் பிரிவதற்குச் சற்று முன்பே இந்தச் சிறிய காண்டாக்ட் திறந்து, டிரைவின் வெளியீட்டை நிறுத்திவிடுகிறது. அவசரத்தில் யாரோ இருமுறை அப்படித் திருப்பியும் டிரைவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் கைப்பிடியை ஆஃப் நிலையில் பூட்டி வைக்கும் அந்தப் பூட்டுத் துளை! மூன்று பூட்டுகள் மாட்டலாம் என்று கேட்லாக் சொல்கிறது. எங்கள் பூட்டுகளின் வளையம் 6 மில்லிமீட்டர் தடிமன்; இரண்டு நுழைந்ததும் மூன்றாவது பெட்டியின் மூடித் திருகில் இடித்து நிற்கிறது. பேரிங் மாற்றிய அன்று எலக்ட்ரீஷியனும் நானும் பூட்டிய பிறகு, ஃபிட்டர் தன் பூட்டைச் சாய்த்தும் திருப்பியும் பார்த்துவிட்டு, "உங்க பூட்டு இருக்கே சார், அது போதும், நான் ஆரம்பிக்கிறேன்" என்றார். நான் விடவில்லை. என் வேலை முடிந்து என் பூட்டை எடுத்துக்கொண்டு நான் போய்விட்டால், மோட்டாரை இயந்திரத்தோடு இணைக்கும் கப்ளிங்குக்குள் கைவிட்டிருக்கும் அவருக்கு எது காவல்? ஸ்டாப் பட்டனையும் நம்ப முடியாது: அது கட்டுப்பாட்டுச் சுற்றைத்தான் நிறுத்தும்; மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டரின் முனைகளோ உருகி ஒட்டிக்கொள்ளக்கூடியவை. அவரவர் பூட்டும் அவரவர் சாவியும்தான் அவரவர் உயிருக்குப் பொறுப்பு.

ஸ்டோரிலிருந்து ஆறு துளை ஹாஸ்ப் (ஒரே இடத்தில் பல பூட்டுகளை மாட்ட உதவும் கவ்வி) வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. அதை மாட்டி மூவரும் பூட்டினோம். பிறகு டெஸ்டரை மின்சாரம் இருக்கும் இடத்தில் சோதித்து, மோட்டார் டெர்மினலில் மூன்று பேஸையும் ஒன்றோடொன்றும் எர்த்தோடும் பார்த்து, டெஸ்டரை மறுபடியும் சோதித்த பின்பே ஸ்பேனரை எடுத்தோம்.

ஹாஸ்ப் இருக்கும்போது இது பெரிய குறையா என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான், இப்போது ஒரு ஹாஸ்ப்பைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே சங்கிலியில் தொங்கவிட்டிருக்கிறேன். ஆயினும், இவ்வளவு நன்றாக உழைத்த பொருளை வாங்க வேண்டாம் என்றே அவரிடம் சொன்னேன். அடுத்த மோட்டாருக்கு ஐசொலேட்டர் வாங்கப் போகும்போது எங்கள் பூட்டுகள் மூன்றையும் கையோடு எடுத்துச் சென்று, கைப்பிடியில் மாட்டிப் பார்த்த பிறகே விலை கேட்பேன்.