ஞாயிற்றுக்கிழமைக்கு எது: பாத்தியா, பறவையா, தப்பா?

இலங்கை மலையகத்தில் ஓய்வு நேரம் அளந்துதான் கிடைக்கிறது. ஆறு நாளும் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்து நாட்கூலிக்குப் பேர் போட்டவருக்கும், விடியற்கால பஸ்ஸில் நகரத்துக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிறவருக்கும் மிஞ்சுவது ஞாயிறும் மாதத்துக்கு ஒரு போயா (பௌர்ணமி விடுமுறை) தினமும்தான். அதிலும் விறகு, துணி துவைப்பு, கோயில், கலியாண வீடு, சாவு வீடு என்று கழித்துவிட்டால் கையில் நிற்பது சில மணி நேரமே. அந்த நேரத்தை எதற்குக் கொடுக்கலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களுக்காக, நான் பல ஆண்டுகளாக மாறி மாறி ஈடுபட்டுவரும் பாத்தி போடுதல், பறவை பார்த்தல், தப்பு எனும் தோற்பறையை அடித்தல் ஆகிய மூன்று பொழுதுபோக்குகளை இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். செலவு, இடம், மழை, துணை ஆகியவற்றோடு இன்னொன்றையும் அளவுகோலாகக் கொள்கிறேன்: அது இன்னொரு வேலையாக மாறிவிடக் கூடாது.

லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு) முன்னால் ஒரு துண்டு நிலம் இருந்தால் பாத்தி போடுவதே முதலில் மனதில் வரும். லீக்ஸ், கரட், கோவா (முட்டைக்கோஸ்) மூன்றும் நம் குளிருக்கு நன்றாக வரும். விதைக்கும் மாட்டெருவுக்கும் அதிகம் செலவாகாது. ஆனால் தேயிலைக்கு உகந்த நம் மண் புளிப்பு மண். புளிப்பைக் காட்டும் பீஎச் அளவு 4.5 முதல் 5.5 வரை இருப்பது தேயிலைக்குப் பொருந்தும், பெரும்பாலான மரக்கறிகளுக்குப் பொருந்தாது. அதனால் சுண்ணாம்போ டொலமைட்டோ தூவித்தான் ஆகவேண்டும். இந்தப் புளிப்பை நான் கண்ணால் கண்டது ஹைட்ரேஞ்சியா என்ற பூச்செடியில். ஒரே செடியில் வெட்டிய இரண்டு கொப்புகளை வீட்டின் இரு பக்கமும் நட்டேன். சும்மா விட்ட மண்ணில் வளர்ந்தது நீலமாகப் பூத்தது. சுண்ணாம்பு தூவிய பாத்தியோரத்தில் வளர்ந்தது இளஞ்சிவப்பாகப் பூத்தது. புளிப்பு மண்ணில் அலுமினியம் வேருக்கு எளிதில் கிடைப்பதால் அந்த நீலம் வருகிறது.

பாத்தியின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு வருடம் போஞ்சிக்கு (பீன்ஸுக்கு) நல்ல விலை வந்தபோது நானும் விற்றேன். அடுத்த மாதமே கொடியைப் பார்க்கும்போதெல்லாம் கிலோக் கணக்கு மனதில் ஓடத் தொடங்கியது. வாரம் முழுக்கக் குனிந்து நிமிர்ந்த முதுகு ஞாயிறும் குனிந்தது. பின்னொரு இரவில் காட்டுப்பன்றி பாத்தியைக் கிளறிவிட்டுப் போனபோது எனக்கு வந்தது பொழுதுபோக்கில் வரும் வருத்தமன்று, நட்டத்தில் வரும் கோபம். ஆகவே மரக்கறியைவிடப் பூச்செடியே ஓய்வுக்கு ஏற்றது என்பது என் முடிவு.

பறவை பார்ப்பதற்கு நிலம் வேண்டாம், முதுகு வளைய வேண்டாம். இலங்கைக்கே உரிய பறவை இனங்கள் 30க்கும் மேல். அவற்றில் காதோரம் மஞ்சள் கீற்றுள்ள சின்னான், மலை வெள்ளைக்கண்ணி போன்றவை உயர்ந்த மலைப்பகுதிகளை விட்டு அதிகம் இறங்குவதில்லை. வெளிநாட்டவர் பயணச்சீட்டு எடுத்து வந்து தேடும் பறவைகள் நம் இஸ்தோப்பிலிருந்தே (வீட்டு முன் திண்ணையிலிருந்தே) கண்ணில் படுகின்றன என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லாமலே வளர்க்கிறோமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நுவரெலியா விக்டோரியா பூங்காவில், காஷ்மீர்ப் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு இங்கே வரும் ஈப்பிடிப்பானைப் பார்க்கலாம். ஆறுமணிக் குருவிக்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டியதில்லை. நாங்கள் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்கு மேலுள்ள புதரில் விடிந்தும் விடியாத நேரத்தில் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். நாம் அசையாமல் நின்றால், அது குட்டை வாலை ஆட்டிக்கொண்டு சருகை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டும். முதுகு பச்சை, சிறகில் நீலத் திட்டு, வாலடியில் சிவப்பு.

செலவு மட்டும் இதில் கூடுதல். தொலைநோக்கி வாங்கினால் 8 மடங்கு பெருக்கமும் 42 மில்லிமீட்டர் முன்வில்லையும் உள்ளதை வாங்குங்கள். வில்லை பெரிதானால் வெளிச்சம் கூடுதலாகச் சேரும், அது பனிமூட்டக் காலையில் உதவும். பெருக்கம் அதற்கு மேல் போனால் கைநடுக்கமும் சேர்ந்து பெருகும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒன்று வாங்கினாலும் போதும். வலசைப் பறவைகள் தங்கும் காலம் ஏறக்குறைய ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கு மழையில் நனையும் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தாருக்கு இது தோதானது. வடகீழ்ப் பருவமழை பெறும் பதுளைப் பக்கத்தாருக்கு நவம்பர், டிசம்பர் காலைகள் பல வீணாகும்.

துணை என்ற அளவுகோலில் தப்புக்கு நிகர் இல்லை. பறவை பார்ப்பவர் தனியாக நிற்கிறார். தப்படிப்பவர் ஒரு வட்டத்தில் நிற்கிறார். ஒரு கையில் நீண்டு மெலிந்த சிண்டுக்குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி. இரண்டும் சேர்ந்து விழும் கணக்கு பிடிபடப் பல மாதங்கள் ஆகும். நம் ஈரப்பனியில் தோல் தொய்ந்து ஓசை செத்துவிடும். சருகைக் கொளுத்தி அதன் மேல் தப்பைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, தொம்மென்ற ஓசை டங்கென்று மாறும் நொடியில் எடுக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் தோல் கருகும். எனக்கு அது கைவர ஒரு முழு மழைக்காலம் ஆனது.

ஒரு காலத்தில் இதே தப்புதான் பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் கூடுவதற்கு) ஆள் எழுப்பியது. அதை ஒரு சாதியின் தலையில் கட்டிச் சாவு வீட்டோடு நிறுத்திவைத்ததும் நாம்தான். அந்த அவமதிப்பு முழுவதும் போய்விடவில்லை. அதனாலேயே, விரும்பிக் கற்க வரும் எந்தப் பிள்ளையையும், பெண் பிள்ளையையும், வாசலில் நிறுத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

வாசிப்பை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (அறையில்) அமைதி கிடைக்கும் நேரத்தில் அது எதனோடும் சேர்ந்து நடக்கும்.

வாரம் முழுக்க உடம்பால் உழைப்பவருக்குப் பறவையையும், கடையிலோ காரியாலயத்திலோ உட்கார்ந்தே இருப்பவருக்குத் தப்பையும், வீட்டை விட்டு அகல முடியாதவருக்குப் பூப்பாத்தியையும் பரிந்துரைப்பேன். என் சொந்தத் தெரிவு ஆண்டின் பெரும்பகுதிக்குப் பறவைதான். மாசியில் மூன்றாம் பிறை கண்டு, தப்படித்து ஆடும் காமன் கூத்துக்குக் கம்பம் நட்டுவிட்டால் தொலைநோக்கி அலமாரிக்குள் போய்விடும். கூத்து முடிந்து தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு பீலிக்கரை வழியாக வீடு திரும்பும்போது ஆறுமணிக் குருவி கூப்பிடத் தொடங்கியிருக்கும். சற்று நின்று கேட்டுவிட்டுத்தான் படியேறுவேன்.