இரண்டு ஆஃபர் கையில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம்: இ.பி.எஃப்.ஓ.வின் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச் – ஒரு மதிப்பீடு

சில மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, அடுத்தடுத்து இரண்டு ஆஃபர் வந்தால், பெரும்பாலோர் இரண்டு சி.டி.சி.யையும் (கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடுவதாகக் காட்டும் மொத்தத் தொகை) பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பெரியதற்கு ஓகே சொல்லிவிடுகிறார்கள். சேமிப்பு கரைந்து, வாடகையும் கார்டு பாக்கியும் நிற்கிற நேரத்தில் அதைவிட முந்திக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கம்பெனி மாதாமாதம் சம்பளத்தை ஒழுங்காகப் போடுகிறதா? ஹெச்.ஆரிடம் கேட்டால் "எங்களிடம் அந்தப் பிரச்சினையே இல்லை" என்றுதான் பதில் வரும். சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனமான இ.பி.எஃப்.ஓ., எந்தக் கம்பெனி எந்த மாதத்துக்கான பி.எஃப். பணத்தை எந்தத் தேதியில் கட்டியது என்பதைப் பொதுவில் வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது, லாகின் கிடையாது. வேலை மாறுகிறவர்களுக்கு இவ்வளவு உதவும் சேவையைப் பலரும் பார்த்ததே இல்லை என்பது வருத்தம்தான்.

இ.பி.எஃப்.ஓ.வின் இணையதளத்தில் நிறுவனங்களுக்கான சேவைகள் பகுதிக்குள் எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச் இருக்கிறது. கம்பெனி பெயரையோ பி.எஃப். கோடு எண்ணையோ கொடுத்து, கேப்ட்சாவை நிரப்பினால் பட்டியல் வரும். அதில் முகவரியைப் பார்த்துச் சரியான வரியைத் தேர்ந்து விவரப் பக்கத்துக்குள் போனால், கட்டண விவரங்களைக் காட்டும் இணைப்பு இருக்கும். அதைத் திறந்தால் வருகிற அட்டவணைதான் முக்கியம். சலான் எண், பணம் வரவான தேதி, தொகை, எந்தச் சம்பள மாதத்துக்கு, எத்தனை ஊழியர்களுக்கு என்று வரிவரியாக இருக்கும்.

முதலில் தேதியைப் பாருங்கள். ஒரு மாதச் சம்பளத்துக்கான பி.எஃப்.பை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூன் சம்பளத்துக்கு எதிரே ஜூலை 12 அல்லது 14 என்று இருந்தால் சரி. கடைசிப் பன்னிரண்டு மாதமும் அப்படியே இருந்தால் அந்தக் கம்பெனியில் பணப்புழக்கம் சீராக இருக்கிறது என்று தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். இதில் தாமதம் சாதாரண அலட்சியமாக இருக்க வாய்ப்பு குறைவு, அதற்குக் காரணம் இருக்கிறது. ஊழியர் சம்பளத்தில் பிடித்த பங்கை 15-ஆம் தேதிக்குள் கட்டாவிட்டால், அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதி பல ஆண்டுகள் இருந்தது. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்துவிட்டது. ஒரு நாள் பிந்தினாலும் வரியில் அடி விழும் என்று ஆடிட்டர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். அதையும் மீறி மார்ச் மாதப் பணம் ஜூனில் கட்டப்பட்டிருந்தால், அந்த நாட்களில் வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பி.எஃப். பிந்துகிற இடத்தில் சம்பளமும் பிந்தும்.

அடுத்தது ஊழியர் எண்ணிக்கை. ஓர் எடுத்துக்காட்டு: ஜனவரியில் 140, மார்ச்சில் 131, மே மாதம் 108, ஜூனில் 96 என்று இறங்கி வந்தால், ஆட்கள் போகிறார்கள் அல்லது அனுப்பப்படுகிறார்கள். அந்த நேரத்தில் உங்களைச் சேர்க்கிறார்கள் என்றால் காலி இடத்தை நிரப்பவா, புதிய புராஜெக்ட்டுக்கா என்று நேர்காணல் எடுத்த மேலாளரிடமே கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை. "எங்களிடம் 300 பேர்" என்று சொன்ன இடத்தில் அட்டவணை 60 காட்டினாலும் கேளுங்கள். மீதிப் பேர் கன்சல்டன்ட் என்ற பெயரில் இருக்கலாம். அப்படியானால் உங்கள் ஆஃபரிலும் சம்பளத்துக்குப் பதில் தொழில்முறைக் கட்டணம் என்று போட்டு, 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துத் தருவார்கள். பி.எஃப்., பணிக்கொடையான கிராஜுவிட்டி, சம்பளத்தோடு கூடிய விடுப்பு எதுவும் இருக்காது. ஆனால் முதன்முதலாக வேலைக்குச் சேரும்போதே 15,000 ரூபாய்க்கு மேல் அடிப்படைச் சம்பளம் வாங்கியவர்கள் பி.எஃப். வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதால், கொஞ்சம் குறைவாக இருந்தால் அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

தொகை கட்டத்தை யாரும் கவனிப்பதில்லை. தொகையை ஊழியர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அடிப்படைச் சம்பளத்தில் ஊழியர் பங்கு 12, நிறுவனப் பங்கு 12, நிர்வாகக் கட்டணம் 0.5, இன்ஷூரன்ஸ் 0.5 என மொத்தம் 25 சதவீதம். சட்ட உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் கட்டுகிற கம்பெனியில் ஒருவருக்குச் சுமார் 3,750 ரூபாய் வரும். அதைவிட நன்றாக மேலே இருந்தால் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் கட்டுகிறார்கள். 2,000 பக்கம் நின்றால், அங்கே பெரும்பாலோரின் பி.எஃப். கணக்குச் சம்பளம் 8,000 ரூபாய்தான். உங்களுக்கு மட்டும் நல்ல அமைப்பில் சம்பளம் போடுவார்களா என்று ஆஃபர் லெட்டரின் பின்னிணைப்பை மறுபடி படியுங்கள்.

இந்தச் சேவையில் தடுக்கி விழக்கூடிய இடங்களும் உண்டு. பெயர் தேடல் மிக மோசம். "பிரைவேட் லிமிடெட்" என்பதை விட்டுவிட்டுப் பெயரின் முதல் சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஆனால் ஒரே பெயரில் பத்துக் கம்பெனி வந்து நிற்கும். ஆகவே பி.எஃப். எஸ்டாப்ளிஷ்மென்ட் கோடை ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்குவதே நல்லது. ஐந்து எழுத்து, ஏழு இலக்கம், மூன்று இலக்கம் என்ற அமைப்பில் இருக்கும். சென்னையில் பதிந்திருந்தால் பொதுவாக டி.என்.எம்.ஏ.எஸ். என்று தொடங்கும். சென்னை ஆபீசில் வேலை என்றாலும் தலைமையகம் பெங்களூரு என்றால் பதிவும் அங்கேயே இருக்கலாம், சென்னைக் கோடில் தேடி எதுவும் இல்லை என்று பயந்துவிட வேண்டாம். ஒரே மாதத்துக்கு இரண்டு மூன்று சலான் இருந்து, ஒன்றில் மூன்று நான்கு பேர் மட்டும் பின்னர் சேர்க்கப்பட்டிருந்தால் அது விடுபட்டவர்களுக்கான பாக்கி, குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்கள் சில சொந்த பி.எஃப். டிரஸ்ட் வைத்திருக்கின்றன. அவற்றுக்கு இங்கே முழுத் தொகை தெரியாது, மேலே சொன்ன வகுத்தல் கணக்கும் பொருந்தாது. இருபது பேருக்குக் குறைவான கம்பெனிக்குப் பதிவே இல்லாமல் இருக்கலாம், சட்டப்படி அது கட்டாயமில்லை. மாத நடுவில், கம்பெனிகளெல்லாம் பணம் கட்ட முண்டியடிக்கிற நாட்களில் தளம் திணறும். மாதக் கடைசியில் பாருங்கள்.

தேர்ட் பார்ட்டி பே ரோல் என்றால் இன்னொன்று கவனிக்க வேண்டும். நேர்காணல் நடத்தியது பெரிய பெயராக இருக்கும், ஆஃபர் லெட்டர் கொடுப்பது ஆள் அனுப்பும் நிறுவனமாக இருக்கும். சம்பளம் போடப்போவது லெட்டரில் கையெழுத்திடுகிறவர்தான், அவர் பெயரில்தான் தேட வேண்டும்.

துணைக்கு இரண்டு தளங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதி எல்லோருக்கும் திறந்திருக்கிறது. கம்பெனியின் ஜி.எஸ்.டி. எண்ணைப் போட்டு ரிட்டர்ன் தாக்கல் அட்டவணையைத் திறந்தால், வரியைக் கட்டித் தாக்கல் செய்யும் 3பி ரிட்டர்ன் எந்தத் தேதியில் போனது என்று தெரியும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்குக் கெடு அடுத்த மாதம் 20-ஆம் தேதி. 5 கோடி ரூபாய் வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டு முறையைத் தேர்ந்திருக்கலாம் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒரு வரி மட்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். பி.எஃப். பதிவு இல்லாத சின்னக் கம்பெனிகளுக்கு இதுதான் கைகொடுக்கும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளம் மூன்றாவது. லெட்டர் ஹெட்டில் கம்பெனியின் அடையாள எண்ணான சி.ஐ.என்.னை அச்சிட வேண்டும் என்பது 2013 கம்பெனிச் சட்டம். அந்த 21 எழுத்துகளுக்குள்ளேயே மாநிலமும் தொடங்கிய ஆண்டும் இருக்கும். "பதினைந்து வருடமாக நடத்துகிறோம்" என்று சொன்னவர்களின் எண்ணில் 2022 என்று இருந்தால் விளக்கம் கேளுங்கள். கடைசியாகத் தாக்கலான இருப்புநிலைக் குறிப்பு இரண்டு ஆண்டு பின்தங்கியிருந்தாலோ, நிலை என்ற இடத்தில் பெயர் நீக்க நடவடிக்கை என்று இருந்தாலோ அந்த ஆஃபரைத் தள்ளி வைக்கலாம். ஊழியர்கள் கம்பெனியைப் பற்றி எழுதும் ஆம்பிஷன்பாக்ஸ், கிளாஸ்டோர் தளங்களின் கருத்துகளில் "சேலரி டிலே" என்ற சொல்லையும் தேதியையும் மட்டும் பார்த்தால் போதும், நட்சத்திரங்கள் அவ்வளவு உதவாது.

இரண்டு கம்பெனியும் தேறிவிட்டால்தான் சம்பளக் கணக்கு. சி.டி.சி. எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

முதல் ஆஃபர் 6,60,000. அதில் 66,000 வேரியபிள் (நிச்சயமில்லாமல் கூடக் குறையக் கிடைக்கும் பகுதி), மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பிரீமியம் 12,000 உள்ளடக்கம், அடிப்படைச் சம்பளம் சி.டி.சி.யில் பாதி, பி.எஃப். 15,000 உச்சவரம்புக்கு மட்டும். வேரியபிள் போக 5,94,000. நிறுவன பி.எஃப். 21,600, அடிப்படையில் 4.81 சதவீதமான கிராஜுவிட்டி 15,873, பிரீமியம் 12,000 ஆகியவற்றைக் கழித்தால் 5,44,527. மாதம் 45,377. ஊழியர் பி.எஃப். 1,800 போகக் கைக்கு 43,577.

இரண்டாவது ஆஃபர் 5,70,000. வேரியபிள் இல்லை, இன்ஷூரன்ஸ் சி.டி.சி.க்கு வெளியே, அடிப்படை பாதி, முழு அடிப்படைக்கும் பி.எஃப். நிறுவன பி.எஃப். 34,200, கிராஜுவிட்டி 13,708 கழித்தால் 5,22,092. மாதம் 43,507. ஊழியர் பி.எஃப். 2,850 போகக் கைக்கு 40,657.

காகிதத்தில் மாதம் 7,500 வித்தியாசம். கையில் 2,920தான். இரண்டாவது இடத்தில் பி.எஃப். கணக்கில் மாதம் 2,100 கூடுதலாகச் சேர்கிறது, அதையும் கழித்தால் 820 ரூபாய். இரண்டிலும் தொழில்வரி தனி. புதிய வரி முறையில் இந்தச் சம்பளங்களுக்கு வருமான வரி வராது. மிச்ச வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த 66,000 வேரியபிளில் இருக்கிறது. போன ஆண்டு எத்தனை சதவீதம் கொடுத்தார்கள், காலாண்டுக்கா ஆண்டுக்கா, ப்ரொபேஷனில் உண்டா என்று மெயிலில் பதில் வாங்காமல் அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேமிப்பு காலியாக இருப்பவருக்கு ஆண்டு முடிவில் வரும் பணத்தால் இந்த மாத வாடகை கட்ட முடியாது. 820 ரூபாய் மட்டுமே வித்தியாசம் என்றால், பி.எஃப். அட்டவணையில் தேதி தவறாத கம்பெனிக்கே எங்கள் ஓட்டு.

இரண்டு ஆஃபரில் எதை எடுத்தாலும், ஏற்பதற்கு முன் உங்கள் சொந்த யு.ஏ.என். (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) கணக்கில் சர்வீஸ் ஹிஸ்டரியைத் திறந்து பாருங்கள். பழைய கம்பெனி வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டிருந்தால் நீங்கள் இன்னும் அங்கே வேலை பார்ப்பதாகக் காட்டும், பின்னணிச் சரிபார்ப்பில் இரட்டை வேலை என்று மாட்டும். கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால் அதே கணக்கில் உள்ள மார்க் எக்ஸிட் வசதி மூலம் நீங்களே தேதியைப் பதியலாம். வேலையில்லாத மாதங்களை மறைக்க ரெஸ்யூமேயில் தேதியை இழுத்து எழுத வேண்டாம். புதிய கம்பெனி பார்க்கப்போவதும் இதே பதிவைத்தான்.

அசல் சான்றிதழ் கேட்டாலோ, பதிவுக் கட்டணம், டெபாசிட் என்று ஒரு ரூபாய் கேட்டாலோ மேலே சொன்ன எந்தச் சோதனையும் தேவையில்லை, விலகிவிடலாம். பிரபல கம்பெனிகளின் லெட்டர் ஹெட்டைப் போலியாக அடித்து அனுப்புகிறவர்கள் வேலையில்லாதவர்களைத்தான் குறிவைக்கிறார்கள். மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

மதிப்பெண் என்றால், இ.பி.எஃப்.ஓ. தேடலுக்கு 5-க்கு 4. பெயர் தேடலைச் சரி செய்தால் முழுதாகவே கொடுக்கலாம். ஜி.எஸ்.டி. தளத்துக்கு 3.5. எம்.சி.ஏ. தளத்துக்கு 2.5, தகவல் நல்லது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் விவரத்தை வைத்து இந்த மாதச் சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது.

சேர்ந்த பிறகும் ஒரு வேலை பாக்கி. முதல் சம்பள மாதத்துக்கு அடுத்த மாதம் 15 தாண்டியதும் இ.பி.எஃப்.ஓ. தளத்தில் உங்கள் பி.எஃப். வரவுகளைக் காட்டும் மெம்பர் பாஸ்புக்கைத் திறந்து, உங்கள் பங்கும் கம்பெனி பங்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவேற சில நாள் பிந்தும். மாத இறுதியிலும் வரவில்லையென்றால் ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். அடுத்த மாதமும் அப்படியே இருந்தால் பே ஸ்லிப்பை இணைத்து இ.பி.எஃப்.ஓ.வின் குறைதீர் தளத்தில் புகாரைப் பதியுங்கள். வேண்டாம் என்று சொன்ன இன்னொரு கம்பெனியின் ஹெச்.ஆர். எண்ணை அதுவரை போனிலிருந்து அழிக்க வேண்டாம்.